தங்கையின் சீர் கிரைண்டரும் என் பசையும்

ஒரு பரிசோதனையில் ஒரே ஒரு முறை ஜெயித்தவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. சில வருடங்களுக்கு முன் அப்படியொரு பிராணி பீளமேட்டில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்த்தது. கழுத்தில் அடையாள அட்டை, மண்டையில் கனம். (நான்தான்.)

கிரைண்டர் பாத்திரத்தின் அடியில் கல்லைப் பிடித்து வைப்பது எபாக்ஸி பசை. நாளடைவில் அது தண்ணீரை உறிஞ்சி இளகும். நான் அதில் சிலிகோன் எண்ணெயைக் கலந்தேன். காய்ந்த பசைத் துண்டை எடை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போட்டேன். எடை துளிகூட ஏறவில்லை! அதை உலர்த்தி இன்னொரு முறையும் எடை போட்டிருக்க வேண்டும். மேதைகளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

அந்தச் சமயத்தில்தான் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம். சீருக்கு என் பசை போட்ட கிரைண்டர்தான் என்று அடம்பிடித்தேன்.

"அண்ணா, கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு. நாளைக்கு அந்த ஊட்ல பேச்சு வாங்கறது நானு" என்று கெஞ்சினாள். நானாவது கேட்பதாவது! மண்டபத்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே நின்று, "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாதுங்க" என்று சம்பந்திகளுக்குப் பிரசங்கமே செய்தேன்.

ஒரு மாதம் கழித்து, தாராபுரத்தில் அவள் மாமியார் வீட்டில் விருந்து. வீடு நிறைய சொந்தக்காரர்கள், நான் உட்பட. கவிதா உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். பாத்திரம் சுற்றியது. அடிக்கல் அதிலிருந்து கழன்று, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சுற்றாமல் உட்கார்ந்திருந்தது. உளுந்தின் மேல் எண்ணெய் மினுங்கியது. கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "நீ எதுக்குக் கண்ணு அழுகறே? உங்கண்ணன் சொன்னாப்புல தண்ணி உள்ள போகலியே. கல்லுதான் வெளிய வந்துபோட்டுது."

அழுதுகொண்டிருந்தவள் குபீரென்று சிரித்துவிட்டாள். அப்புறம் வீடே சிரித்தது.

கோயமுத்தூர் திரும்பியதும், அன்று ஊறவைத்த அந்தப் பசைத் துண்டை உலர்த்தி எடை போட்டேன். பழைய எடையைவிடக் குறைவு. பசையோடு சேராத சிலிகோன் வெளியே கசிய, அதே அளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தராசுக்கு அது தெரியாது. படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமியாரும் மருமகளும் அன்றைக்குக் கூட்டணி சேர்ந்தவர்கள், இன்றுவரை பிரியவில்லை. இப்போதும் நான் போனால் மற்றவர்களுக்கெல்லாம் வீட்டு இட்லி, எனக்கு மட்டும் பார்சல்.

"உங்களுக்குக் கடையில வாங்கியாந்தாச்சுங்க தம்பி" என்பார் மாமியார். "எங்கூட்டுப் புதுக் கிரைண்டர்ல கல்லு சுத்தறதைப் பாத்தா உங்களுக்கு மனசு சங்கடப்படுமுங்க."

கவிதா சட்னி ஊற்றுவாள், சிரிப்பைக் கொஞ்சமும் அடக்காமல்.