‘இன்று மாலை’ ஆசிரியர்

ஊருக்கு ஊர் இந்த ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். எந்தச் சபாவில் யார் பாட்டு, பொருட்காட்சியில் என்ன நாடகம், எந்த மண்டபத்தில் பட்டிமன்றம், வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்த வரிசையில் ஃபேன் ஓடும் என்பதுவரை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். எதற்கும் போகமாட்டார்கள்.

ஆனையூர் அழகுராஜா இந்த ரகத்துக்கு அரசர். மதுரைக் கலைநிகழ்ச்சிகளைச் சொல்லும் ‘இன்று மாலை’ மாத இதழுக்கு நிறுவனர், ஆசிரியர், விநியோகஸ்தர் எல்லாம் அவரேதான். சிம்மக்கல் அச்சகமொன்றில் ஒற்றைத் தாளாகப் பிறந்து, நகைக்கடை விளம்பரங்களின் புண்ணியத்தில் எட்டுப் பக்கமாகக் கொழுத்து, இப்போது வாட்ஸ்அப்பிலும் வலம்வருகிற இதழ். முன்பக்கத்தில் வரப்போகும் நிகழ்ச்சிகள். பின்பக்கத்தில் நடந்து முடிந்தவற்றின் விமர்சனம். விமர்சனத்தை அழைப்பிதழைப் பார்த்தே எழுதிவிடுவார். கடைசி வரி மட்டும் தொடங்கிய நாளிலிருந்து மாறியதே இல்லை: “அரங்கு நிரம்பி வழிந்தது.” போய்ப் பார்த்தாரா? அவருக்கு ஏது நேரம், பாவம்!

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு நிகழ்ச்சி வந்தது. மகள் ஆர்த்திகாவின் பரதநாட்டிய அரங்கேற்றம். முன்பக்கம் முழுக்க அதுதான். “அப்பா, நீங்க முன்வரிசையில இருக்கணும். உங்களப் பாத்துத்தான் ஆடுவேன்” என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். மனிதர் உருகித்தான் போனார்.

அன்று மண்டப வாசலில் கால் வைத்தார், செல்போன் அடித்தது.

“அண்ணே, அரங்கேற்றம் எத்தன மணிக்கு?”

சொன்னார். அடுத்த போன்.

“மேலூர்ல இருந்து எந்த பஸ்ஸுண்ணே?”

அதையும் சொன்னார்.

“பிரமாதம்ணே, இந்தா வாரோம்!”

வருவார்களா? அவர் வளர்த்த வாசகர்கள் ஆயிற்றே! உள்ளே சலங்கை ஒலிக்க, மனைவி பாண்டீஸ்வரி ஓடிவந்து, “என்னங்க, பிள்ள உங்களத்தான் தேடுது” என்று கெஞ்ச, “இந்தா வாரேன், ஒரே ஒரு வாசகர்” என்று விரலைக் காட்டிக்கொண்டே நின்றார். அவர் உள்ளே நுழைந்தபோது, யாரும் உட்காராத நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த இதழ் வந்தது. பின்பக்கத்தில் அரங்கேற்ற விமர்சனம், அமர்க்களமாக. கடைசி வரி வழக்கம்போல.

ஆர்த்திகா படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “அரங்கு நிரம்பி வழிஞ்சுச்சா? அதான் உங்களுக்கு இடம் கிடைக்கலையாப்பா?”

மேசைமேல் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆமாம், யாரிடமோ “கட்டாயம் வந்துருவோம்” என்று சொல்லியிருந்தீர்களே, அது இன்று மாலைதானே?