புதுமைக்கு முன்மாதிரி

திரையில் வரும் விண்வெளிக் கதைகளெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினவை என்று பொதுமக்கள் மனு மேல் மனு போட்டதன் பேரில், அரசாங்கம் ஆழ்ந்து யோசித்து, அறிவியல் கற்பனைப் புதுமைச் சான்று வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தியது. கதை புதுசுதான் என்று வாரியம் முத்திரை குத்தினால்தான் இனி படமோ தொடரோ எடுக்கலாம். வாரியத்தின் கிளை தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில், ஒரு பேக்கரிக்கு மாடியில் அமைந்தது. ஏன் அங்கே என்றெல்லாம் கேட்கக் கூடாது. மாடி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மாடிப்படியில் ஒரு சனிக்கிழமை காலை ஏறினாள் சங்கமித்ரா. வீடு பக்கத்திலிருக்கும் கோரமண்டலில், வேலை பெங்களூரில். பதினோரு வருஷமாக ரயிலில் போய் ரயிலில் வருகிறவள். உட்கார இடம் கிடைக்காத நாட்களில் நின்றபடியே செல்போனில் ஒரு கதையை எழுதி முடித்திருந்தாள். தொடர் எடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு அது பிடித்தும் விட்டது. "சான்றிதழைக் கொண்டு வாங்க, 'கதை: சங்கமித்ரா'ன்னு ஆரம்பத்துலயே பெருசா போட்டுடறோம்" என்றார்கள். அந்த ஒரு வரியை நினைத்தாலே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கதை இதுதான். மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் கடைசி லெவலுக்கும் கீழே யாரோ பாறை உடைக்கும் சத்தம் கேட்கிறது. பார்த்தால், பூமிக்குள்ளே ஒரு ஜனம்! அவர்களும் சுரங்கத் தொழிலாளிகள்தான். அவர்கள் பக்கத்திலிருந்து நம்மை நோக்கித் தோண்டி வருகிறார்கள். அவர்களைக் கேட்டால் அவர்கள் ஊர்தான் மேலே இருக்கிறது. நாமெல்லாம் அவர்கள் சுரங்கத்தின் அடியில் கிடக்கிறோம். "ஐயோ பாவம், அவ்வளவு பெரிய விளக்கைத் தலைக்கு மேல மாட்டியும் இவங்களுக்கு ஒண்ணும் விளங்கலையே" என்று நம் சூரியனைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள்.

வாரிய எழுத்தர் ஏனோக், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"சூப்பரா கீதும்மா. ஒரே ஒரு டவுட்டு. கீழேந்து வர்றவங்க எந்த ஷிப்ட்?"

"ஷிப்ட்டெல்லாம் எழுதல சார்."

"டோக்கன் இல்லாம கேஜ்ல, அதான் சுரங்க லிப்ட்ல, எப்படி ஏறினாங்க? எங்கப்பா ஒரே ஒரு நாள் டோக்கனை மறந்துட்டாரு, ஷாப்ட் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. வேற லோகத்து ஆளுன்னா மட்டும் சட்டம் மாறிடுமா?"

நியாயம்தானே. ஆளுக்கொரு டோக்கன் என்று அங்கேயே எழுதிச் சேர்த்தாள். ஏனோக் திருப்தியோடு விண்ணப்பத்தைப் புரட்டினார். ஏழாம் கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"'மேற்படி புதுமைக்கு முன்மாதிரி யாது?' இத காலியா வுட்டுட்டியே?"

"முன்மாதிரி இல்ல சார். இது புதுசு."

"புதுசுன்னு நாங்க எப்படிம்மா சொல்றது? ஏற்கெனவே பாஸான புதுசு ஒண்ணோட வெச்சிப் பாப்போம். அதே மாதிரி இருந்தா புதுசு. இல்லன்னா சந்தேகம்."

அவள் முகம் வாடுவதைப் பார்த்து ஏனோக்குக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷன். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு ரோபோவைப் போடு. ரோபோவுக்கு மட்டும் நாப்பத்தோரு பைல் கீது."

"என் கதையில ரோபோவுக்கு இன்னா சார் வேலை?"

"கடைசியில அழணும். அழாத ரோபோ இந்த ஆபீஸ்ல பாஸானதே இல்ல. அப்பால ஒரு வெடிகுண்டு. ஒரு செகண்டு பாக்கி இருக்கறப்ப ஒயரை அறுக்கணும்."

"மூணு செகண்டு இருக்கறப்பவே அறுத்தா?"

ஏனோக் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா! உள்ள ஆபீஸர் கீறாரு."

ஆபீஸர் விநாயக் காதில் விழுந்துதான் விட்டது. அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

"நோடி மேடம், இங்க பாருங்க, பறக்கும் தட்டு நேரா பெரிய சிட்டியிலதான் எறங்கும். விஞ்ஞானிக்கு தலைமுடி கலைஞ்சிருக்கும். அவர் சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க. இதெல்லாம் நான் சொல்றதில்ல, பைல் சொல்லுது."

"சரி சார். அப்போ மொதல் பைலுக்கு எது முன்மாதிரி?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஏனோக் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, முதல் பைலை எடுத்து வந்தார். காலம் தாண்டும் எந்திரக் கதை. ஏழாம் கட்டத்தில், 'காண்க: பைல் எண் இரண்டு' என்றிருந்தது. இரண்டாவது பைலும் காலம் தாண்டும் எந்திரம்தான். அதன் ஏழாம் கட்டத்தில், 'காண்க: பைல் எண் ஒன்று.'

"ரெண்டுமே காலம் தாண்டுற கதை," என்றார் விநாயக், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "எது வேணா எதுக்கு வேணா முன்னாடி வரலாம். சட்டப்படி செல்லும்."

சங்கமித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ரோபோவும் வேண்டாம், குண்டும் வேண்டாம், என் கதை என் கதையாகவே இருக்கட்டும் என்று எழுந்துவிட்டாள். 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: அளவுக்கு மீறிய புதுமை' என்று முத்திரை விழுந்தது. படியிறங்கும்போது அழுதேவிட்டாள். ரோபோவாக இருந்திருந்தால் அந்த அழுகைக்கே பாஸாகியிருப்பாள்.

மூன்று மாதம் போயிற்று. பஸ் ஸ்டாண்டில் ஒரு சினிமா போஸ்டரைப் பார்த்து அவள் கிட்டே போனாள். பூமிக்குள்ளிருந்து ஒரு ஜனம், தலைக்கு மேலே பெரிய விளக்கு, ஆளுக்கொரு டோக்கன்! கதை என்ற இடத்தில் யாரோ ஒருவன் பேர். மூலையில் வாரிய முத்திரை: 'முற்றிலும் புதியது.'

ஒரே ஓட்டமாக மாடி ஏறினாள். "சார், இது என் கதை!"

"உன்னுது தாம்மா. அதனால தான் பாஸாச்சி!" ஏனோக் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அந்த ஆளு வந்து பழைய பைலெல்லாம் பாத்தாரு. ஏழாம் கட்டத்துல உன் பைல் நம்பரைப் போட்டாரு. நம்ம ஊர்ப் பொண்ணு பைலு முன்மாதிரி ஆய்டுச்சி பாரு!"

"என் பைலைத்தான் ரிஜக்ட் பண்ணீங்களே!"

"ரிஜக்ட் ஆனா இன்னாம்மா, பைல் பைல் தானே? நீயும் இப்ப ஒரு அப்ளிகேஷன் போடு. இப்பத்தான் உனக்கும் ஒரு முன்மாதிரி கெடச்சிடுச்சே."

சங்கமித்ரா வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினாள். ஆனாலும் 'கதை: சங்கமித்ரா' என்ற அந்த ஒரு வரி இருக்கிறதே, அது விடவில்லை. ஏழாம் கட்டத்தில் அந்தத் திருட்டுப் படத்தின் பேரைத் தன் கையாலேயே எழுதினாள். 'மேற்படி படத்தைத் தழுவியது' என்று கையெழுத்தும் போட்டாள். டீ ஆறுவதற்குள் சான்றிதழ் வந்தது. கம்பெனிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள்: "இதான் மேடம் இப்ப ஓடுது!" ரோபோவை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

தொடர் வெளிவந்த மறு வாரம், ரயிலில் முடிந்தபோதெல்லாம் அவளுக்கு இடம் பிடித்து வைக்கும் சிநேகிதி ஃப்ளோரா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எட்டு எபிசோடும் ஒரே மூச்சுல பாத்துட்டேன்டி! உன் பேரு வந்தப்ப வூடே கை தட்டிச்சி. ஆனா கோச்சுக்காத, இது அந்தப் படத்துலேந்து சுட்டது தானே?"

ரயில் பங்காரப்பேட்டை சேருகிற வரைக்கும் சங்கமித்ரா நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பெட்டியே காது கொடுத்துக் கேட்டது.

"இன்னா அநியாயம்! அவன் வெளங்குவானா? அந்த ஆபீஸ் உருப்படுமா?" ஃப்ளோராவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "வுடுடி. நீ சொந்தமா இன்னொண்ணு எழுது. எவனும் கேட்டிருக்கக் கூடாது, அப்படி ஒண்ணு."

"எழுதிட்டேன்," என்றாள் சங்கமித்ரா, செல்போனை எடுத்தபடி. "யாருக்கும் இன்னும் சொல்லல. சொல்லட்டா?"

எதிர் சீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். நின்றிருந்தவர்கள் கிட்டே வந்தார்கள்.

"சொல்லு, சொல்லு," என்றாள் ஃப்ளோரா ஆசையாக. "எது மாதிரின்னு மட்டும் மொதல்ல சொல்லிடு. அப்பத்தான் எங்களுக்குப் புரியும்."