பதினோரு மணி ஒத்திகை

சைரன் அலறியும் ஐந்தாம் வகுப்பில் ஒரு தலைகூட நிமிரவில்லை. அருணா டீச்சர் சைரன் ஒலித்த கைப்பேசியை மைக்கிடம் இன்னும் நெருக்கிப் பிடித்தாள். முன் பெஞ்சு பிரின்சி மட்டும் எழுதிக்கொண்டே கேட்டாள்.

“மிஸ், செகண்ட் ஷிஃப்ட்டா?”

கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள். தொட்டிலில் கிடந்தபோதே தொழிற்சாலைச் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள். இந்தச் சத்தத்துக்கெல்லாம் அசருவார்களா என்ன?

புயலோ, தீயோ, விஷவாயுவோ, எது வந்தாலும் இரண்டு நிமிடத்தில் பள்ளி முழுவதும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். போன வருடப் பேரிடர் ஒத்திகையில் பதினான்கு நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமை அதிகாரி மறுபடி வருகிறார். இந்த முறையும் கோட்டை விட்டால், ஊத்துக்கோட்டைப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று தலைமையாசிரியர் ஆதிகேசவன் சொல்லியிருந்தார். அந்த அவமானத்துக்கு அருணா வேலையையே விட்டுவிடுவாள்.

சைரன் வேண்டாமென்று பள்ளி மணியை அடிக்கச் சொன்னாள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாதிப் பேரை ரயில்வே கேட்டிலிருந்து மடக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. மறுநாள் விசில் ஊதினாள். வந்தார்கள், வந்த வேகத்தில் கபடிக்கு ஆள் பிரித்து ஆடியதில் ஒருவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அவன் அம்மா வந்து போட்ட சத்தத்தில்தான் பேரிடர் என்றால் என்னவென்று ஆதிகேசவனுக்கே புரிந்தது.

அன்று மதியம் அருணா சோர்ந்துபோய் நின்றிருந்தபோது, சமையலம்மா மணியம்மாள் சாப்பாட்டுக்காகக் கரண்டியால் தட்டைத் தட்டினாள். நூற்றிருபது பிள்ளைகளும் தள்ளுமுள்ளு இல்லாமல், தட்டும் கையுமாக மைதானத்தில் வரிசை கட்டினார்கள். அருணா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம், ஐந்து விநாடி.

அப்போதே முடிவு செய்துவிட்டாள். தட்டுச் சத்தம் கேட்டால், தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும், வந்தவர்களுக்குச் சுண்டல். வெள்ளிக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்குத் தட்டச் சொல்லி மணியம்மாளிடம் பத்துத் தடவை படித்துப் படித்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு அதிகாரி ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருப்பார். சமையலறையில் டங் டங்கென்று தட்டு அதிர்ந்தது. அருணா கடிகாரத்தைப் பார்த்தாள். மணியம்மாள் காரியத்தைக் கெடுத்துவிட்டாளே.

ஆனால் நூற்றிருபது தட்டுகள் வெயிலில் பளபளக்க வரிசையாக வந்து நின்றன. பெரிய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக் குட்டிகளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். கடைசியாக மணியம்மாள் ஈரச் சாக்கும் கையுமாக வெளியே வந்தாள். சமையலறை ஜன்னலில் லேசான புகை. சுண்டலையும் தீய்த்துவிட்டாள் என்று அருணா பல்லைக் கடித்தாள்.

“ஐம்பத்தெட்டு செகண்ட்,” என்றார் அதிகாரி. “சொல்லாம கொள்ளாம தட்டினீங்க பாருங்க, அதான் ஒத்திகை. புகை வேற போட்டிருக்கீங்க.”

தட்டு எதற்கு என்று பிரின்சியைக் கேட்டார்.

“மேலேர்ந்து ஓடு வுழுந்தா மண்ட ஒடையக் கூடாதில்ல சார்.”

அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ஊத்துக்கோட்டைப் பள்ளி இங்கே வந்து கற்றுக்கொள்ளட்டும் என்றார். அருணாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவரை இளநீர் குடிக்க ஆதிகேசவன் அழைத்துப்போனதும், அருணா ஓடிப்போய் மணியம்மாளைக் கட்டிக்கொண்டாள். நேரம் தவறினாலும் பரவாயில்லை, அந்த ஈரச் சாக்கு நடிப்பு அபாரம் என்றாள்.

“இன்னா நடிப்பு டீச்சர்? காஸ் டியூபு பத்திக்கினு எரிஞ்சிது. புள்ளைங்க வெளிய வரட்டும்னு தட்டிட்டு, சாக்கப் போட்டு அமுத்தி சிலிண்டர மூடுனேன்,” என்ற மணியம்மாள் கரண்டியை எடுத்தாள். “மணி பதினொண்ணு ஆயிடிச்சி. ஒத்திகைக்குத் தட்டட்டுமா?”