குடிக்காமல் வைத்த ஏழாவது காபி

அன்பும் மதிப்பும் நிறைந்த அவாத் மாமாவுக்கு, மருமகள் ஹனூஃப் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கருணையால் அம்மா, அப்பா, தம்பிகள், ஆடுகள் எல்லோரும் சுகம். அகபா துறைமுகத்து வெயில் உங்களை அதிகம் வாட்டக்கூடாது என்று அம்மா ஐந்து வேளையும் வேண்டுகிறார். நீங்கள் அனுப்பிய ஆங்கில அகராதி வந்து சேர்ந்தது. 'எம்' எழுத்து வரை படித்துவிட்டேன்.

மாமா, நம் ஊர்ப் பெண்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் பத்தாம் வகுப்போடு முடியப்போகிறேன். மேலே படிக்க தஃபீலா நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே போகும் ஒரே சிற்றுந்து, விடுமுறை முடிந்து திரும்பும் சிப்பாய்களால் நிறைந்தால்தான் கிளம்பும். அதில் நம் பிள்ளைகள் ஏறக்கூடாது என்று மிஃப்லெஹ் பெரியப்பா விருந்துக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். ஊராட்சித் தலைவரும் அவரே, குலத்துக்கு மூத்தவரும் அவரே. அண்ணன் சொல்லை அப்பா தாண்டமாட்டார். ஆகவே பெண்களுக்கென்று தனி பஸ் வந்தால் உண்டு, இல்லையென்றால் அகராதியின் மிச்சத்தோடு நான் வீட்டில்.

இந்த நேரத்தில்தான் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் வந்தது. அதன் பெயரில் மக்களாட்சி, பொருளாதாரம், சமூகம், சீர்திருத்தம் எல்லாம் இருப்பதால் பெயர்ப் பலகை கதவுக்குள் நுழையவில்லை. சாய்த்துத்தான் கொண்டுபோனார்கள். நடத்த வந்தவர் பிர்கிட் என்ற அம்மையார். அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கு மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரண்டு மருந்தகத்தில் படுத்துவிட்டதால், தலைமையாசிரியை என்னை அனுப்பினார். ஊருக்கு எது தேவை என்று ஊரே முடிவு செய்ய வேண்டுமாம். ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு ஒட்டுத்தாள் கொடுத்தார். பெரிய தாளில் நான்கு கட்டங்கள்: பெண்கள் பஸ், தெருவிளக்கு, ஆடு குளிப்பாட்டும் தொட்டி, விருந்துக்கூடத்துக்குப் புதுக் கூரை. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒட்டுங்கள் என்றார். ஆண்கள் எல்லோரும் சுவரோரம் ஒன்றாகப் போய் நின்று கால் மணி நேரம் தனியாக யோசித்தார்கள். திரும்பி வந்து கூரைக் கட்டத்தில் பொட்டு மேல் பொட்டாக, மீன் செதில்போல ஒட்டினார்கள். தைஃபல்லா சித்தப்பா மட்டும் ஒரு பொட்டை மிச்சம்பிடித்துத் தன் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலில் சுற்றிக்கொண்டார். பெண்களுக்கு ரொட்டி சுடும் நேரத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்தது அம்மா ஒருவர்தான், அதுவும் மாவுக் கையோடு. ஒரு பொட்டு விரலை விட்டு வரவேயில்லை. முடிவு: கூரைக்கு நூற்றுப் பதின்மூன்று, பஸ்ஸுக்கு இரண்டு. பிர்கிட் அம்மையார் கைதட்டி, ஊர் பேசிவிட்டது என்றார். அதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, மாமா.

மூன்றாம் நாள் வழியனுப்பும் விருந்து. சோறும் கறியும் தயிர்ச்சாறும் முடிந்து காபி வந்தது. போதும் என்றால் கோப்பையை ஆட்ட வேண்டும் என்று பிர்கிட் அம்மையாருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கோ பெரியப்பாவின் நன்றியுரையை மொழிபெயர்க்கவே நேரம் சரியாக இருந்தது. ஆட்டாத கோப்பையில் தைஃபல்லா சித்தப்பா ஊற்றிக்கொண்டே இருந்தார், மறுத்தால் மரியாதை இல்லை என்று அம்மையாரும் குடித்துக்கொண்டே இருந்தார். ஏழாவது கோப்பையை அவர் குடிக்கவில்லை. நிறைந்தபடி முன்னால் கம்பளத்தில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கட்டிக்கொண்டார். கூடத்தில் இருந்த எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். விருந்தாளி குடிக்காமல் வைத்தால், கேட்க ஒன்று இருக்கிறது, அது கிடைக்கும் வரை குடிக்கமாட்டார் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? அம்மாவை அப்பாவுக்குப் பெண் கேட்டு வந்தபோது அப்பா வீட்டார் குடிக்காமல் வைத்த கோப்பை ஆறிப்போகும் வரை, தருகிறேன் என்று சொல்லாமல் உங்கள் அப்பா தாடியைத் தடவிக்கொண்டிருந்தாராமே.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடிம்மா. நீ கேட்டது கொடுத்தாச்சு."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் திகைத்து, என் பக்கம் குனிந்தார். "நான் எதுவும் கேக்கலியே. கேக்கவும் கூடாது, அது எங்க விதி. நீ இந்த ஊர்ப் பொண்ணு, நீயா இருந்தா என்ன கேப்பே?"

"பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒரு பஸ்," என்றேன்.

"என்னவாம்?" என்றார் பெரியப்பா.

மாமா, மொழிபெயர்ப்பவர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் கடைசியாகச் சொல்லப்பட்டதை மட்டும் சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்தது என்று சேர்க்கவில்லை.

"அப்ப கூரை?" என்று தைஃபல்லா சித்தப்பாதான் கேட்டார்.

"கூரை நாம ஓட்டுப் போட்டது. பஸ் விருந்தாளி கேட்டது. விருந்தாளிக்கு இல்லைன்னு சொல்ற கூடத்துக்குக் கூரை எதுக்குடா?" என்று பெரியப்பா அதட்டினார்.

விஷயம் புரிந்ததும் பிர்கிட் அம்மையாரின் முகம் வெளுத்துவிட்டது. ஓட்டெடுப்பை மாற்றவே முடியாது, பெரும்பான்மை என்றால் என்ன தெரியுமா என்று விரல்களை மடக்கி மடக்கி விளக்கினார். என் பஸ்ஸுக்கு எதிரான அந்த வாதங்கள் அனைத்தையும் ஒன்று விடாமல் நானே மொழிபெயர்த்தேன், முன்பு செய்த தவறுக்கு ஈடாக. "கேட்டதையே வேணாங்குறாங்க, எவ்வளவு அடக்கம் பாரு," என்று சித்தப்பா உருகினார். ஊரெல்லாம் கூரையை விட்டுக்கொடுத்து ஒரே குரலில் பஸ் என்றது. கடைசியில் பெரியப்பா கோப்பையை எடுத்து அம்மையார் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிறகு படிவத்தில் 'முடிவெடுத்த முறை' என்ற இடத்தில் வெகுநேரம் எழுதினார்.

பள்ளி விடுமுறை முடிந்ததும் பஸ் வந்துவிடும். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பாவின் நல்ல மனதை நான் ஏமாற்றிவிட்டேனா? நான் செய்தது பாவமா? அம்மாவிடம் சொல்லாமல் எனக்கு மட்டும் பதில் எழுதுங்கள். உங்கள் உடலுக்குச் சுகமும் உழைப்புக்கு விருத்தியும் இறைவன் தருவானாக. அத்தையின் கைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் மருமகள்,
ஹனூஃப்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தஃபீலா அஞ்சலகத்தில் சேர்க்க வாங்கிய பெரியப்பா, முதலில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, தான் சொல்வதையும் சேர்த்து எழுதச் சொல்லி என் முன்னாலேயே நிற்கிறார். எழுதுகிறேன்: "அவாத், கோழிப்பண்ணை வைக்கச் சொல்லி வந்தவனும் கோப்பையைக் கீழ வச்சான், தேனீ வளக்கச் சொல்லி வந்த அம்மாவும் வச்சாங்க. வெளிநாட்டுக்காரங்க வயிறு ஆறு கோப்பைக்கு மேல தாங்காது. அவங்க ரெண்டு பேர்கிட்டயும் என்ன வேணும்னு நான் கேட்டதே இல்ல. மொழிபெயர்க்க உன் மருமக உக்காந்ததப் பாத்துட்டுத்தான், இந்த அம்மாவுக்கு நிறுத்தாம ஊத்துன்னு தைஃபல்லாகிட்ட சொன்னதே நான்தான். பிள்ளைங்க பஸ் ஏற வேணாம்னு ஊர் முன்னாடி ஒரு தடவ சொன்னவன், தம்பி மக கேட்டாள்னு எப்படிப்பா ஆமாங்கிறது?"