டம்மிக் கதவு

லிஃப்டை இயக்கும் மென்பொருள் எழுதுவது எங்கள் அலுவலகத்தின் தொழில். எழுதியதை நிஜ லிஃப்டில் போட்டுப் பார்ப்பதால் கால விரயமும் ஊழியர்களிடையே மனச்சோர்வும் ஏற்படுவது கண்டறியப்பட்டு, சுற்றறிக்கை வாயிலாக அது தடைசெய்யப்பட்டது. பதிலாக, கணினிக்குள்ளேயே ஒரு டம்மிக் கதவை உருவாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘மூடு’ என்றால் ‘மூடிவிட்டேன்’ என்று உடனே சொல்லும். வேறு பதில் அதற்குத் தெரியாது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நானூறு சோதனைகள். மூன்றே விநாடி. நானூறும் தேர்ச்சி.

சோதனைப் பிரிவு அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மேலாளரிடம் போனார்.

“சார், நிஜ லிஃப்ட ஒரு மணி நேரம் குடுங்க. அடுத்த வாரம் நம்ம மென்பொருள் ஆஸ்பத்திரிக்குப் போகுது. எங்கம்மாவுக்கு அங்கதான் முட்டி ஆபரேஷன். ஆறாவது மாடி.”

“போன தடவை நிஜ லிஃப்டுல எத்தனை தப்பு வந்துச்சு?”

“பதினொண்ணு.”

“டம்மில?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப எதும்மா தரமானது?”

அக்கா தன் இருக்கைக்குத் திரும்பினார்.

எங்கள் கட்டடத்து லிஃப்டிலேயே வெள்ளோட்டம் நடந்தது. இது சோதனையல்ல, விழா என்பதால் சுற்றறிக்கை குறுக்கே வரவில்லை. மேலாளர் தலைமையில் ஏழு பேர் ஏறினோம். அக்கா ஏறவில்லை.

கதவு நகர்ந்து, இரண்டு விரல் இடைவெளியில் நின்றது. மூடவுமில்லை, திறக்கவுமில்லை, பதிலும் சொல்லவில்லை. மென்பொருள் மரியாதையாகக் காத்திருந்தது. நாங்களும்.

அவசரப் பொத்தானை அழுத்தினோம். “உதவி வந்துகொண்டிருக்கிறது” என்றது ஒரு குரல்.

“பாத்தீங்களா, என்ன வேகம்!” என்றார் மேலாளர்.

“சார், அதுவும் டம்மிதான்” என்றேன்.

இடுக்கில் அக்காவின் ஒரு கண் தெரிந்தது.

“நீ கேட்ட ஒரு மணி நேரத்த இப்பவே எடுத்துக்கம்மா!” என்றார் மேலாளர்.

“எழுத்துல குடுங்க சார்.”

எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டு இடுக்கு வழியே நீட்டினார். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தோம்.

மறுநாள் விசாரணை அறிக்கை தயார்: ‘டம்மிக் கதவு நடந்துகொண்ட விதத்தில் நடந்துகொள்ள நிஜக் கதவு தவறிவிட்டது. மென்பொருளில் குறையில்லை.’ ஏழு பேரும் கையெழுத்திட்டோம். மென்பொருள் குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா அங்கே யாரையோ பிடித்து, அம்மாவுக்குத் தரைத்தளத்திலேயே படுக்கை வாங்கிவிட்டார். எங்கப்பாவுக்கும் கண் ஆபரேஷன் வருகிறது. நேற்று அக்காவைத் தனியாகப் பார்த்து, மெதுவாகக் கேட்டேன்.

“வரிசையில நில்லுப்பா” என்றார். “மேலாளர் மாமியாருக்கு அப்புறம்தான் நீ.”