கரடியும் வாத்தும் பேசிய வாரம்

"கரடி இன்னா சொல்லுதுன்னே எங்க புள்ளைங்களுக்குப் புரியல. ஒயர அவுத்துக்கினு போயிடு" என்று திங்கட்கிழமை மூன்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வேதகிரி பதறிப்போனான். பின்னே? உத்திரமேரூரில் வீடியோ கடை வைத்திருந்தவன், போன மாதம்தான் ஒயர் இழுத்து, நாற்பது வீட்டு டிவியில் தினம் சாயங்காலம் குழந்தைகளுக்கென்றே கார்ட்டூன் ஓட்ட ஆரம்பித்திருந்தான். கையிலிருந்ததோ ஒரு கரடியும் வாத்தும் இங்கிலீஷில் அடித்துக்கொள்ளும் கேசட்டுகள்.

அன்று சாயங்காலமே படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, கடை டிவியைப் பார்த்தபடி மைக்கில் தானே தமிழ் பேசினான். வாத்துக்கும் அதே கட்டைக் குரலா என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். செவ்வாய்க்கிழமை இன்னொரு மைக்கை மாட்டி, மனைவி கஸ்தூரியை வாத்துக்கு உட்கார வைத்தான்.

வினை அங்கேதான். பக்கத்தில் பெருநகர் கிராமத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அவளை மூன்று முறை ஏமாற்றியிருந்தான். நாலு நாளாக வீட்டில் பேச்சே இல்லை. வாத்து கரடியின் மண்டையில் கரண்டியால் போட்டதும் கஸ்தூரி மைக்கைப் பிடித்தாள்.

"பெருநகருக்குக் கூட்டிக்கினு போறேன்னியே, நெனப்பு கீதா?"

"ஒயர் வேல கீது" என்றது கரடி, வேறு வழியில்லாமல்.

தெருவே சிரித்தது. புதன்கிழமை அவள் மைக்கின் சத்தத்தைக் குறைத்தான். வாத்துக்குத் தொண்டை கட்டிவிட்டதா என்று கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வியாழக்கிழமை, அடுத்த மாசம் போகலாம் என்று கரடி சமாதானம் பேசப்போக, வாத்து விசும்பி அழுதது. மறுநாள் காலை டீக்கடையில் அவனுக்கு டீ கொடுக்க மறுத்தார்கள். பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, எப்போ பெருநகர் என்று கரடியை விசாரித்தார். கருமம்டா சாமி என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை கரடி தோற்றது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போவதாக நாற்பது வீட்டுக்கும் கேட்க வாக்குக் கொடுத்தது. கஸ்தூரி மைக்கை வைத்துவிட்டு அவன் தோளில் செல்லமாக ஒன்று போட்டாள். அவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது புதிதாகப் பன்னிரண்டு வீட்டில் வேறு ஒயர் கேட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை எதிர்க்கடை எல்லம்மாள் வந்து, நாளைக்கு யார் பேசுவார்கள் என்று கவலையாகக் கேட்டாள். ஒரு நாள்தானே, ஒயர் இழுக்கும் கன்னியப்பன் வெறும் படத்தை ஓட்டுவான் என்றான் வேதகிரி.

எல்லம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"படமா? செவ்வாக்கெயமலேர்ந்து எந்த வூட்லயும் படமே வரல நைனா, டிவி கறுப்பாத்தான் கீது, உங்க பேச்சு மட்டுந்தான் கேக்குது. சொன்னா நீ சண்டைய வுட்டுட்டு ஒயர நோண்டப் போயிடுவேன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல."