நாலாம் ஜன்னல் கரண்டியும் பதினாறு விளக்குகளும்

லுவோயாங்,
கல்லூரி இரண்டாம் உணவுக்கூடம், நாலாம் ஜன்னல்.

பேரன்புள்ள பெரியக்காவுக்கும் அத்தானுக்கும் தங்கை ஷூமேய் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். அங்கே காய்ஃபெங்கில் உன் முழங்காலும் அத்தானின் இருமலும் ஒருவழியாக அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என் கை நடுக்கத்துக்கு நீ அனுப்பிய மருந்துப் பிளாஸ்திரி மூன்று கட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி. பாதியில் கோபம் வந்தால் ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

எங்கள் கல்லூரிக்கு லூ பின் என்று புதிதாக ஓர் உடற்பயிற்சி வாத்தியார் வந்திருக்கிறார். இருபத்தேழு வயது, ஆள் ஒல்லி, தினமும் நான் பரிமாறும் ஜன்னலில்தான் சாப்பாடு. அவரிடம் ஒரு பெட்டி, பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் பதினாறு வட்ட விளக்குகள். தரை, சுவர், மேஜை, எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்று எரியும், ஓடிப்போய்த் தொட்டால் அணையும், அணைந்த நொடியே வேறெங்கோ இன்னொன்று எரியும். அடுத்து எது எரியும் என்று வாத்தியாருக்கே தெரியாது! மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டிவிடுகிறார். உடம்பு எப்போது கிளம்பியது, எங்கே தயங்கியது, கை எப்படி ஆடியது எல்லாம் அவர் போனில் கோடு கோடாக வந்து விழுகிறது. இத்தனை வருஷமாக இங்கே உடற்பயிற்சி என்றால் விசில் ஊதுவதும் மைதானத்தைச் சுற்றுவதும்தான். ஓடக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று சுருண்டுகொண்ட பிள்ளைகள் இப்போது வகுப்பு முடிந்தும் "இன்னும் ஒரே ஒரு தடவை சார்" என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். விஞ்ஞானம் என்றால் இதுதான் அக்கா. ராக்கெட் எல்லாம் அப்புறம்தான்.

இதில் மியாவ் சிங் என்கிற பெண்ணுக்கு மட்டும் விளக்கைப் பார்த்தாலே அழுகை. கடைசி வருஷம், கணக்குப் பாடம், படிப்பில் புலி. எரிகிற விளக்கை முப்பது நொடிக்குள் இருபது தடவை அணைக்க வேண்டும் என்பது உடற்பயிற்சித் தேர்வு. அவளுக்கு முப்பத்தெட்டு நொடி ஆகிறது. ஏற்கெனவே இரண்டு தடவை தவறிவிட்டாள். மூன்றாவதும் போனால் இந்த வருஷம் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாவிட்டால் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று பிடித்து வைத்திருக்கும் வேலை வேறு யாருக்கோ போய்விடும். தட்டை நீட்டும்போதே கண் சிவந்திருக்கும். எனக்குச் சோறு போட மனசே வராது, ஆனால் போட்டேன்.

போன மாதம் விடாத மழை. உள்விளையாட்டுக் கூடத்தில் கூரை ஒழுக, லூ வாத்தியார் என் முன்னால் வந்து நின்று, "ஷூமேய் அக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல உங்க கூடம் சும்மாதானே கிடக்கு?" என்றார். நான்தான் சாவி கொடுத்தேன், அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. மேஜைகளைச் சுவரோரம் தள்ளி விளக்குகளை ஒட்டினார்கள். அப்போதுதான் துடைத்த தரை, அதில் எண்ணெய்ப் பிசுக்கு, முதலில் ஓடிய மூன்று பேர் நின்றது பாத்திரம் கழுவும் தொட்டியில். அப்புறம் ஒரு தடியன் தட்டின வேகத்தில் ஒரு விளக்கு எகிறி மீந்துபோன முட்டை சூப் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. விழுந்தும் அணையவில்லை அக்கா! சூப்புக்குள்ளே பச்சையாக எரிந்துகொண்டே இருக்கிறது, இதைத் தொடாமல் அடுத்தது எரியாது. எல்லாரும் அண்டாவைச் சுற்றி நின்று "நீ கையை விடு, நீ கையை விடு" என்று தள்ளிக்கொள்ள, நான் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். அணைந்தது. எனக்குப் பின்னால் ஒன்று எரிந்தது, அதையும் தட்டினேன். பக்கத்து மேஜையில் ஒன்று, தட்டினேன். அப்புறம் எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

முடிந்தது. லூ வாத்தியார் போனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "நீங்க தட்டினது இருபது விளக்கு, இருபத்திரண்டு நொடி! அக்கா, இந்தக் காலேஜ்ல யாருமே இருபத்தஞ்சு நொடிக்குக் கீழ வரல." அவர் நம்பாமல் என் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி இன்னொரு தடவை தட்டச் சொல்லி, கோடுகளைக் கூடத்து டிவியில் போட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கீழே பெரிய எழுத்தில் வந்தது: கை நடுக்கம், பூஜ்யம். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அத்தை! நரம்புத் தளர்ச்சின்னு சொன்னீங்களே!"

"நாலு வருஷமா என் கறித்துண்டு எங்க போச்சு அத்தை?"

"பாவம்னு நான் உங்களுக்கு ஆரஞ்சுப்பழம்லாம் வாங்கிக் குடுத்தேனே!"

இப்போது வெந்நீர் குடி. அக்கா, என் கை நடுங்கியதே இல்லை. பன்றிக்கறி அண்டா மதியம் ஒரு மணிவரை வரவேண்டும் என்பது எங்கள் பாங் முதலாளியின் கட்டளை. அதனால் கரண்டி நிறைய அள்ளி, தட்டுக்குப் போகும் வழியில் இரண்டு ஆட்டு ஆட்டினால் மூன்று துண்டு திரும்ப அண்டாவுக்குள் விழும். நீ இங்கே வந்தபோது அதைப் பார்த்துப் பதறினாய், உன்னிடமும் வெட்கத்தில் நரம்பு என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷப் பிளாஸ்திரியும் பெட்டியில் இருக்கிறது. கொசுவலைக் கிழிசலுக்கு நாலைந்து போட்டேன், நன்றாக ஒட்டுகிறது.

ஆனால் அந்த இயந்திரத்தின் பெருமையைக் கேள். லூ வாத்தியார் என்னைத் திட்டவில்லை. நான் தட்டியதைப் போனில் படம் பிடித்திருந்தார், அந்தப் பதிவை மெதுவாக ஓடவிட்டார். "கையைப் பார்க்காதீங்க, இவங்க கண்ணைப் பாருங்க. ஒண்ணைத் தட்டும்போதே கண்ணு அடுத்ததைத் தேடப் போயிடுது" என்றார். எனக்கே தெரியாது அக்கா! ஒரு தட்டில் குழம்பு விழும்போதே அடுத்த தட்டைப் பார்ப்பது வரிசையில் நின்று நின்று வந்த பழக்கம். பக்கத்திலேயே மியாவ் சிங்கின் பதிவையும் ஓட்டினார். அவள் ஒவ்வொரு விளக்கையும் தொட்டுவிட்டு, நிஜமாகவே அணைந்ததா என்று நின்று பார்க்கிறாள்! கணக்குப் போட்டதும் விடையைச் சரிபார்க்கிற பிள்ளை அல்லவா? அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கால் மந்தம்னு இவ்வளவு நாளா அழுதேன் அத்தை, காலுக்கு ஒண்ணுமே இல்லையா?"

பத்து நாள் தினமும் மத்தியானம் வந்து பழகினாள். தேர்வன்று மழையில் நனைந்த செருப்போடு என் ஜன்னலுக்கு ஓடி வந்து, "இருபத்தொன்பது நொடி அத்தை!" என்றாள். கரண்டி நிறைய அள்ளி ஒரு துண்டு சிந்தாமல் அவள் தட்டில் போட்டேன். பெற்ற பிள்ளை ஜெயித்தாற்போல இருந்தது.

அதோடு விட்டார்களா? பிள்ளைகள் எல்லாரும் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, லூ வாத்தியார் ஒரு விளக்கை என் ஜன்னல் மேலேயே ஒட்டிவிட்டார். என் வலது மணிக்கட்டில் பட்டை. கரண்டி ஆடினால் சிவப்பு, ஆடாவிட்டால் பச்சை. ஒவ்வொரு தட்டுக்கும் மொத்த வரிசையும் "பச்சை!" என்று கத்துகிறது. முதல் நாள் கறி பதினொன்றே முக்காலுக்கே தீர்ந்து பாங் முதலாளி முகம் பொரித்த மிளகாய் ஆகிவிட்டது. ஆனால் என் மனசு லேசாக இருக்கிறது. இனிமேல் யாரையும் ஏமாற்ற மாட்டேன். பிளாஸ்திரியும் அனுப்ப வேண்டாம், என்னை மன்னித்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் முழங்கால் வலியும் இருமலும் இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

உன் பொய் சொல்லாத தங்கை,
ஷூமேய்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாங் முதலாளி கூப்பிட்டுவிட்டார். நாளையிலிருந்து ஒரு மணிவரை கறி வராவிட்டால் என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவாராம். யோசித்துப் பார்த்தேன். பட்டை வலது கையில்தானே இருக்கிறது? தட்டைப் பிடிப்பது இடது கை. கரண்டி நேராக வருகிறது, கடைசி நொடியில் தட்டு லேசாக நகர்கிறது, மூன்று துண்டு அண்டாவுக்கு. இன்று நூறு பேருக்குப் போட்டுப் பார்த்தேன், நூறும் பச்சை. ஒருத்தன் மட்டும் சந்தேகமாக இடது கையைப் பார்த்தான். அதனால் பிளாஸ்திரியை நிறுத்திவிடாதே அக்கா. இந்தத் தடவை இடது கைக்கு அனுப்பு.